சதி நம்பிக்கையோடு வரும் துணைநாடி: யாழ்ப்பாணத்தில் புதிதாக உளவளத்துணை தொடங்குபவர்களுக்கு

பிரதேச செயலகத்திலோ வைத்தியசாலையிலோ உளவளத்துணையாளராக வேலை தொடங்கியிருக்கிறீர்கள். பயிற்சியில் இழப்புத் துயர், மனவடு, மதுப் பாவனை, குடும்பப் பிணக்கு எல்லாம் படித்திருப்பீர்கள். "இந்த ஊசியெல்லாம் எங்கட சனத்தைக் குறைக்கத்தான்" என்று ஒருவர் உங்கள் முன்னால் இருந்து அடித்துச் சொன்னால் என்ன செய்வது என்று பெரும்பாலும் படித்திருக்க மாட்டீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தனக்குச் சதி நம்பிக்கை இருக்கிறது, மாற்றித் தாருங்கள் என்று எவரும் வருவதில்லை. நித்திரை இல்லை, மனிசியோடு ஒரே சண்டை, சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறாரில்லை, மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஊசி போட விடுகிறாரில்லை என்றுதான் வருவார்கள். பாதிப் பேரைக் குடும்பத்தவர் கூட்டிவந்திருப்பார்கள். இரண்டாவது மூன்றாவது அமர்வில், வேறு எதையோ கதைத்துக்கொண்டிருக்கும்போது அந்த நம்பிக்கை பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும். சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். அந்த நேரத்தில் உங்கள் முகம் என்ன செய்கிறது என்பதில் பாதி வேலை தங்கியிருக்கிறது.

கேட்டதை முதலில் தரம் பிரியுங்கள்

வெளிநாட்டுப் பாடநூல்கள் பல, அரசும் மருத்துவமும் பொதுவாக நம்பத்தக்கவை, துணைநாடிதான் (உளவளத்துணை நாடி வருபவர்தான்) விலகிப் போய்விட்டார் என்ற இடத்தில் இருந்து தொடங்குகின்றன. யாழ்ப்பாணத்தில் அங்கிருந்து தொடங்க முடியாது. இங்கே வெறும் கதை என்று ஒதுக்கப்பட்டவை பிறகு மண்ணுக்குள் இருந்தும் கிணற்றுக்குள் இருந்தும் வெளிவந்திருக்கின்றன.

செம்மணியை எடுங்கள். 1998 இல், மாணவி ஒருவரின் கொலை வழக்கில் தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய் ஒருவர், அங்கே நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999 இல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு, அந்தப் பேச்சு மிகைப்படுத்தல் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். 2025 இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் அகழ்ந்தபோது 200க்கும் மேற்பட்ட எலும்புத் தொகுதிகள் வெளிவந்தன. சுன்னாகத்தில் மின்நிலையத்தால் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறது என்று சனம் சொன்னபோதும், ஒரு பக்கம் எண்ணெய் இருப்பதாகப் பரிசோதனை முடிவுகளும் மறுபக்கம் ஆபத்தில்லை என்ற அறிக்கையும் வந்தன. 2019 இல் உச்ச நீதிமன்றம் மாசுபட்டதை ஏற்று, மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்த்தது. மருந்து விடயமும் அப்படித்தான். 2023 இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து வைத்தியசாலைகளுக்கு வந்தது அம்பலமாகி, முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவர் 2024 பெப்ரவரியில் கைதானார்.

இவற்றைத் தெரியாமல் உங்கள் கதிரையில் இருக்காதீர்கள். ஒரு துணைநாடி இவற்றில் ஒன்றைச் சொல்ல, "அப்பிடியெல்லாம் இருக்காது" என்று நீங்கள் ஆறுதல் சொன்னால், அவர் சொன்னது உண்மை, நீங்கள் சொன்னது பொய். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் ஏன் நம்ப வேண்டும்?

ஆகவே, கேட்டதை மனதுக்குள் பிரித்துப் பாருங்கள். நடந்ததென்று நிறுவப்பட்டது ஒரு வகை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும், தயங்காமல், அவருடைய முகத்தைப் பார்த்து. நடந்ததா இல்லையா என்று இன்னும் தெரியாதது இன்னொரு வகை. "அது எனக்கும் தெரியாது, தெரிஞ்சு கொள்ளுற வழியும் எங்களிட்டை இப்ப இல்லை" என்று சொல்லலாம். ஆராய்ந்து பார்த்து ஆதாரமில்லை என்று தெளிவானது மூன்றாவது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மலட்டுக் குளிசை கலக்கிறார்கள் என்று பரவிய கதை இந்த வகை. கலவரம் நடந்து முடிந்த பிறகு, அது மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு சொன்னது. சாப்பாட்டில் கலந்தால் ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் குளிசை என்று ஒன்றே கிடையாது.

எல்லாம் இவ்வளவு சுத்தமாகப் பிரியாது. 2011 ஓகஸ்டில் ஊரெல்லாம் கிறீஸ் பூதப் பயம் இருந்தது, உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் இரவில் வந்து பெண்களைத் தாக்குகிறார்கள் என்று. இரவில் தடியோடு காவல் இருந்தவர்கள் இப்போதும் உங்களிடம் வருவார்கள். பூதம் என்பது வதந்தி. ஆனால் நாவாந்துறையில் மர்ம மனிதர்களைத் துரத்திய சனம் இராணுவத்தோடு முரண்பட, அன்றிரவே படையினர் வீடு வீடாகப் புகுந்து அடித்ததும், 100க்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்ததும் வதந்தியல்ல. அந்த இரவை அனுபவித்த ஒருவரிடம் பூதம் இல்லை என்று நிறுவப் போவது முழு அபத்தம். அவருக்குள் பயமாக உறைந்திருப்பது கதவை உடைத்த சத்தம்.

இரண்டு விடயங்களைச் சதி நம்பிக்கை என்ற பெட்டிக்குள் போடவே வேண்டாம். ஒன்று, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள். 2009 மேயில் படையினரிடம் கையளித்த மகன் எங்கோ இரகசிய முகாமில் இருக்கிறான் என்று நம்பும் தாயை நீங்கள் திருத்த வேண்டியதில்லை. இருக்கிறானா இல்லையா என்று சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல் விட்டதன் விளைவு அது. போலின் பாஸ் என்ற குடும்ப உளவியலாளர் இதைத் தெளிவற்ற இழப்பு என்று விவரித்தார். அங்கே வேலை வேறு. இருக்கிறான் என்பதையும் இல்லாமல் இருக்கலாம் என்பதையும் ஒருசேரச் சுமந்துகொண்டு அவர் நாளாந்தம் வாழ உதவுவதுதான் அது. மற்றது, செய்வினை, கண்ணூறு போன்றவை. ஊரே பகிர்ந்துகொள்ளும் வழமையான நம்பிக்கைகள் அவை. அவற்றை அதன்பாட்டில் விளங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு பிரிப்பு மருத்துவ ரீதியாக மிக முக்கியம். சதி நம்பிக்கை பொதுவாகப் பலரோடு பகிரப்பட்டது. "அவங்கள் எங்களுக்குச் செய்யிறாங்கள்" என்று பன்மையில் இருக்கும். பிறழ் நம்பிக்கை, அதாவது உளநோயின் அறிகுறியாக வரும் நம்பிக்கை, பெரும்பாலும் தன்னைச் சுற்றியே இருக்கும். "பக்கத்து வீட்டு அன்ரெனாவால என்ர மூளைக்குள்ள கதைக்கிறாங்கள்", "ரீவியில செய்தி வாசிக்கிறவ எனக்குத்தான் சைகை காட்டுறா". குரல் கேட்பது, சில வாரங்களுக்குள் ஆளே மாறிப்போனது, குளிப்பு முழுக்கு விட்டுப்போனது, சாப்பாட்டில் நஞ்சு என்று வீட்டில் சாப்பிடாமல் இருப்பது, இவை இருந்தால் உளவளத்துணை மட்டும் போதாது. உளமருத்துவரிடம் அனுப்புங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உள்ளன.

ஒரு எச்சரிக்கை. "என்னைப் பின்தொடர்கிறார்கள்" என்று ஒருவர் சொன்னதும் நோய் என்று எழுதிவிடாதீர்கள். இந்த மண்ணில் உண்மையாகவே பின்தொடரப்பட்ட ஆட்கள் நிறைய. முன்னாள் போராளியா, காணாமல் ஆக்கப்பட்டோருக்கான போராட்டத்தில் இருப்பவரா, ஊடகவியலாளரா என்று தெரிந்துகொண்ட பிறகு யோசியுங்கள்.

உங்கள் அறையும் உங்கள் கொப்பியும்

சந்தேகத்தோடு வாழும் ஒருவருக்கு நீங்களும் சந்தேகத்துக்குரிய ஆள்தான். "பிள்ளை எந்த ஊர்? ஆரின்ர ஆள்?" என்ற கேள்வி வரும். ஊரில் இது சாதாரண விசாரிப்பு. ஆனால் இவரைப் பொறுத்தவரை, சொல்வது எங்கே போய்ச் சேரும் என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது. ஊரைச் சொல்லுங்கள், ஒளிக்காதீர்கள். அதோடு, என்ன எழுதுகிறீர்கள், அந்தக் கோவை எங்கே பூட்டி வைக்கப்படுகிறது, யார் பார்க்கலாம், எந்த நிலைமையில் இரகசியத்தை மீற வேண்டி வரும் என்பதை முதல் அமர்விலேயே சொல்லிவிடுங்கள். உயிராபத்து, சிறுவர் துன்புறுத்தல் போன்ற நிலைமைகளையும் மறைக்காதீர்கள். பிறகு தெரியவந்தால் அதுவே இன்னொரு சதியாகிவிடும்.

எழுதுவது அவருக்கு இடைஞ்சலாக இருந்தால் பேனையை வையுங்கள். அவர் போன பிறகு எழுதலாம். எழுதியதை "வாசிச்சுக் காட்டட்டோ?" என்று கேட்பது நல்ல பலன் தரும். பிரதேச செயலகங்களில் தனி அறை கிடைப்பதே பாடு என்பது எனக்குத் தெரியும். குறைந்தது, பக்கத்து மேசைக்குக் கேட்காத நேரத்தையாவது தேர்ந்தெடுங்கள்.

எப்போது தொடங்கியது என்று கேளுங்கள்

கேரன் டக்ளஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2017 இல் எழுதிய மீளாய்வில், சதி நம்பிக்கை மனிதருடைய மூன்று தேவைகளோடு ஒட்டியிருப்பதாகச் சொன்னார்கள்: நடப்பதை விளங்கிக்கொள்ள வேண்டும், பாதுகாப்பும் கட்டுப்பாடும் வேண்டும், தன்னையும் தன் கூட்டத்தையும் பற்றி நல்லதாக உணர வேண்டும். இதை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. துணைநாடி கதைக்கும்போது இந்த மூன்றில் எது பசித்துக் கிடக்கிறது என்று தேடப் பழகுங்கள்.

அதற்கு நல்ல கேள்வி, "ஏன் நம்புறீங்கள்?" என்பதல்ல. அது வாதத்துக்கு அழைப்பு. "உதை முதல் முதல் எப்ப கேள்விப்பட்டனீங்கள்? அந்த நேரம் வீட்டில என்ன நடந்துகொண்டிருந்தது?" என்று கேளுங்கள். எப்போது என்ற கேள்வி அவரை வாழ்க்கைக்குள் கூட்டிப் போகும்.

ஒரு ஐயாவைச் சொல்கிறேன். தனி ஒருவரின் கதையல்ல இது. பலரிடம் கண்டதைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி கட்டியது. வலிகாமத்தைச் சேர்ந்த ஓய்வூதியர். சீனி வருத்தம். மெட்போர்மின் குளிசையை நிறுத்திவிட்டார் என்று மகள் கூட்டிவந்தார். கனடாவில் உள்ள மச்சான் ஒருவர் வட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் அனுப்புவார். அங்கே பகல், இங்கே நடு இரவு. ஐயா போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, மனிசி எழும்பாதபடி சத்தத்தைக் குறைத்து, காதில் வைத்துக் கேட்பார். அறைக்குள் வந்ததும் அதே பதிவை எடுத்து மேசையில் வைத்தார்.

இப்படிப் போனை நீட்டினால் மறுக்காதீர்கள். ஒரு பதிவை முழுவதும் அவரோடு சேர்ந்து கேளுங்கள். முகத்தைச் சுளிக்காமல், இடையில் நிறுத்தாமல். கேட்டு முடித்ததும், சொல்லப்பட்ட விடயத்தை விட்டுவிட்டு, குரலைப் பற்றிக் கேளுங்கள். "உங்கட மச்சான் உங்களில சரியான அக்கறைபோல." ஐயாவின் மகன்கள் இருவரும் வெளியில். கிழமைக்கு ஒரு தடவை இரண்டு நிமிடம் கதைப்பார்கள். மச்சான் ஒருவர்தான் ஒவ்வொரு இரவும், பேர் சொல்லிக் கூப்பிட்டு, பத்து நிமிடம் அவரோடு கதைக்கிறார். அந்தப் பதிவில் மருந்துக் கம்பனியைப் பற்றிய குற்றச்சாட்டு ஒரு பங்குதான். மிச்சம் உறவு. அந்த நம்பிக்கையை விடு என்று சொல்வது, அந்த இரவுப் பத்து நிமிடத்தையும் விடு என்று சொல்வதாக அவருக்குக் கேட்கும்.

வாதாடவும் வேண்டாம், தலையாட்டவும் வேண்டாம்

புதியவர்கள் இரண்டு பக்கமும் சறுக்குவார்கள். ஒரு பக்கம், தரவுகளை அள்ளி வீசி, "அது பிழை ஐயா" என்று பாடம் எடுப்பது. மற்றப் பக்கம், உறவு கெட்டுவிடும் என்று பயந்து "ஓம் ஓம், இருக்கலாம்" என்று தலையாட்டுவது. இரண்டாவதைத்தான் நான் அதிகம் காண்கிறேன். நீங்கள் தலையாட்டியதை அவர் வீட்டில் போய், "கவுன்சிலிங் மிஸ்ஸும் சரியெண்டவ" என்று சொல்லுவார். அது குழந்தையின் ஊசியிலும் ஒரு நோயாளியின் மருந்திலும் போய் முடியும்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. உணர்வை முழுவதுமாக ஏற்றுக்கொண்டு, கூற்றைத் திறந்தபடி விடுவது. ஐயாவோடு நடந்த கதையின் ஒரு துண்டு இது.

"உதெல்லாம் கொம்பனிக்காரன்ர வேலை பிள்ளை. முதல் குளிசை, பிறகு கிட்னி, பிறகு டயலிசிஸ். எல்லாம் பிளான் போட்டுத்தான் செய்யிறாங்கள்."

"கிட்னி போயிடுமோ எண்டது உங்களுக்குப் பெரிய பயமாக் கிடக்கு, என்ன ஐயா?"

"பயமில்லாம? என்ர தமையன் அப்பிடித்தானே போனவர். குளிசை போட்டுப் போட்டே போனவர்."

"அந்த நேரம் அவருக்கு என்ன நடக்குதெண்டு ஆஸ்பத்திரியில ஆரும் உங்களுக்கு விளங்கப்படுத்தினவையோ?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. துண்டைத்தான் நீட்டினவை."

இந்த இடத்தில் நிற்க வேண்டும். அவசரமாக அடுத்த கேள்விக்குப் போகக் கூடாது. தமையனின் மரணத்துக்கு ஒரு விளக்கம் தேவைப்பட்டது. கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லை. பல வருடம் கழித்து மச்சானின் குரல் பதிவு அதைக் கொடுத்தது. அந்த விளக்கம் பிழையானது, ஆனால் கிடைத்த ஒரே விளக்கம் அதுதான். அன்றைய அமர்வில் குளிசையைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்க வேண்டியதில்லை. தமையனைப் பற்றியே கதைக்கலாம்.

அவர் நேரடியாக "நீங்கள் என்ன நினைக்கிறியள்?" என்று கேட்டால் மழுப்பாதீர்கள். "நான் உதை வேறமாதிரித்தான் விளங்கிக்கொண்டிருக்கிறன். அதை இப்ப சொல்லவோ, இல்லாட்டி நீங்கள் சொல்லி முடிச்சாப் பிறகு சொல்லவோ?" என்று கேளுங்கள். அனுமதி கேட்டுத் தகவல் சொல்வது, வில்லியம் மில்லரும் ஸ்டீபன் ரோல்னிக்கும் வளர்த்த ஊக்குவிப்பு நேர்காணல் முறையின் பழக்கம். மதுப் பாவனைக்கு இதைக் கற்றிருப்பீர்கள். அதே கருவிதான் இங்கும் உதவுகிறது, இன்னும் கொஞ்சம் மெதுவாக.

நம்பிக்கை அவரிடம் என்ன விலை வாங்குகிறது

உங்கள் குறிக்கோள் நம்பிக்கையை அழிப்பதாக இருந்தால் இருவரும் களைத்துப் போவீர்கள். துணைநாடி அதற்காக வரவும் இல்லை. அவரோடு சேர்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: இரவில் எத்தனை மணி நேரம் இதில் போகிறது, காலையில் உடம்பு எப்படி இருக்கிறது, யார் யாரோடு கதைப்பது நின்றுபோனது, எந்த மருந்து நின்றது, எவ்வளவு காசு போனது. காசு முக்கியம். அற்புத மூலிகை, விசேட தண்ணீர், ஏதோ திட்டத்தில் முதலீடு என்று பலர் கடைசியில் ஏமாற்றப்பட்டிருப்பார்கள், வெட்கத்தில் சொல்ல மாட்டார்கள். 2020 டிசம்பரில் கோவிட்டுக்கு மருந்தென்று கேகாலையில் கொடுத்த பாணிக்குச் சனம் வரிசையில் நின்றது. அதை எல்லோரும் பார்க்கக் குடித்த சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று வந்தது. மேலே இருப்பவர்களே நம்பினார்கள் என்று சொன்னால், ஏமாந்தவருக்கு வாய் திறக்க இலகுவாக இருக்கும்.

எழுதிய தாளில் இருந்து அவரே ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். ஐயா தேர்ந்தெடுத்தது நித்திரையை. இரவு பத்து மணிக்குப் பிறகு போனை முன் அறையில் வைப்பது, மச்சானின் பதிவைக் காலையில் தேத்தண்ணியோடு கேட்பது. இவ்வளவுதான் முதல் ஒப்பந்தம். கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். காலை வெளிச்சத்தில் கேட்கும்போது அதே பதிவு நடு இரவில் கேட்டது போல் நெஞ்சைப் பிடிக்காது.

ஆதாரம் கதைக்கும் நேரம்

ஆதாரம் காட்டினால் நம்பிக்கை இன்னும் இறுகிவிடும் என்று ஒரு பயம் உளவளத்துணையாளரிடையே இருக்கிறது. 2010 இல் நைஹானும் ரைஃப்லரும் வெளியிட்ட ஆய்வில் இருந்து பரவிய கருத்து அது. 2019 இல் வூட், போர்ட்டர் இருவரும் பெரிய அளவில் சோதித்தபோது அப்படியான பின்னடிப்பு மிக அரிது என்றே கண்டார்கள். 2024 இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு இன்னும் சுவாரசியமானது. 2,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள், தாங்கள் நம்பும் சதிக்குத் தாங்களே காரணங்களை எழுத, ஒரு செயற்கை நுண்ணறிவு உரையாடி அந்தந்தக் காரணங்களுக்கே பதில் சொன்னது. நம்பிக்கையின் உறுதி சராசரியாக 20 சதவீதம் அளவில் குறைந்தது. இரண்டு மாதம் கழித்தும் அந்தக் குறைவு நின்றது.

எனக்கு இதில் படுவது இதுதான்: பொதுவான அறிவுரை வேலை செய்யாது. அவர் சொன்ன அந்தக் காரணத்துக்கே, மரியாதையாக, குறிப்பாகப் பதில் கிடைத்தால் சனம் யோசிக்கிறது. ஆகவே முதலில் காரணத்தைத் துல்லியமாகக் கேளுங்கள். உறவு நின்ற பிறகுதான் இந்தப் படி. முதல் அமர்வில் இல்லை.

"10க்கு எத்தினை உறுதியா இருக்கிறியள் ஐயா, குளிசைதான் கிட்னியைக் கெடுக்கிறதெண்டு?"

"எட்டு."

"ஏன் பத்து இல்லை?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "என்ர சிநேகிதன் ஒருத்தன் பதினைஞ்சு வருசமாப் போடுறான். அவனுக்கு ஒண்டுமில்லை."

அந்த இரண்டு புள்ளிக்கான காரணம் அவருடைய வாயால் வந்தது. நீங்கள் சொல்லியிருந்தால் அதற்கு மறுப்பு இருந்திருக்கும். இப்போது அதைப் பிடித்துக்கொண்டு, "அப்ப தமையனுக்கு வேற என்ன நடந்திருக்கலாம்?" என்று கேட்கலாம். நீண்டகாலம் கட்டுப்படாத சீனிதான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதும், சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமானால் மெட்போர்மினின் அளவைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள் என்பதும் கிளினிக் டொக்டர் சொல்ல வேண்டியவை. நீங்கள் மருந்து ஆலோசனை சொல்லாதீர்கள். டொக்டரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை ஐயாவோடு சேர்ந்து துண்டில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் அந்தக் கிளினிக்கில் பொறுமையாக விளக்கக்கூடிய தாதி யார் என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். இப்படியான ஆட்களின் பட்டியல் ஒன்று உங்கள் லாச்சியில் இருக்க வேண்டும்.

இந்த ஊரில் நமக்கு ஒரு நல்ல அளவுகோல் கைவசம் இருக்கிறது. சுன்னாகத்தில் சனத்தின் சந்தேகம் எப்படி நிரூபணமானது? தண்ணீர் மாதிரி எடுத்தார்கள், ஆய்வுகூடத்தில் சோதித்தார்கள், வழக்குப் போட்டார்கள், எதிர்த்தரப்பு பதில் சொல்ல வேண்டி வந்தது, நீதிபதிகள் ஆவணங்களைப் பார்த்தார்கள். அதே அளவுகோலால் குரல் பதிவையும் அளக்கலாமா என்று துணைநாடியைக் கேளுங்கள். சொன்னவர் யார்? எங்கிருந்து எடுத்தார்? பிழையென்றால் தெரிந்துகொள்ள என்ன வழி? சந்தேகப்படாதே என்று சொல்லாமல், சந்தேகத்தை முழுதாகச் செய் என்று சொல்கிறோம். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இது பிடிக்கும். வழக்காடத் தெரிந்த சனம்.

ஐயா போன்றவர்களின் விடயத்தில், குளிசை தொடங்கும் முன் ஒரு இரத்தப் பரிசோதனை, மூன்று மாதம் கழித்து இன்னொன்று, சீனியும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேற்றினினும். அளவு எப்படிப் போனால் குளிசையில் பிழை, எப்படிப் போனால் மச்சானின் கதையில் பிழை என்று டொக்டரிடம் முதலே கேட்டு எழுதி வைக்கச் சொல்லலாம். கம்பனிகள் கள்ளர் என்ற எண்ணம் அவருக்குக் கடைசிவரை இருக்கலாம். குளிசையைப் போட்டால் போதும்.

தடுப்பூசி விடயத்தில் ஒரு சொல். ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு 2017 இல் இருந்து எச்.பி.வி. ஊசி இரண்டு தடவை போடப்படுகிறது, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்க. மலடாக்கும் என்ற பயம்தான் பெற்றோரிடம் அதிகம். இதில் உங்களைவிட ஊரின் குடும்பநல மாதுவின் சொல் எடுபடும். அந்தப் பிள்ளை பிறந்த நாளில் இருந்து வீட்டுக்கு வந்து நிறை நிறுத்தவர் அவர். அவரிடம் கூட்டிப்போங்கள்.

நம்பிக்கை வேறு சனத்தை நோக்கித் திரும்பும்போது

இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. 2019 இல் குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் ஆயிரக்கணக்கான பெண்களை இரகசியமாக மலடாக்கினார் என்று பரவியது. ஆதாரமில்லை என்று விசாரணையாளர்களே நீதிமன்றத்தில் சொன்னார்கள். அதற்குள் அவர் கைதாகித் தடுத்து வைக்கப்பட்டிருந்தார். 2020 இல் கோவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் நிலத்தடி நீரைக் கெடுக்கும் என்று சொல்லி, உலக சுகாதார நிறுவனம் அடக்கலாம் என்ற பிறகும், 2021 பெப்ரவரி வரை கட்டாயமாக எரித்தார்கள். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, யாழ் நகரில் கொடுக்கப்பட்டது சில மணி நேர அவகாசம். "காட்டிக் கொடுக்கிற ஆக்கள்" என்ற பேச்சு இன்றும் சில வாய்களில் இருக்கிறது. ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் திரும்பி வந்து குடியிருப்பவர்களைப் பற்றி உங்கள் அறைக்குள்ளும் அது வரும்.

அப்போதும் அவமானப்படுத்த வேண்டாம். ஆனால் மௌனமாக இருக்கவும் வேண்டாம். "உங்கட பயம் எனக்கு விளங்குது. அந்த ஆக்களைப் பற்றிச் சொன்னதை நான் ஏற்கேல்லை" என்று ஒரே மூச்சில் சொல்லலாம். யாருக்காவது தீங்கு செய்யும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். ஆளும் நேரமும் இடமும் சொன்னால், இரகசியம் பேணும் கடமைக்கு எல்லை வந்துவிட்டது. உடனே உங்கள் மேற்பார்வையாளரோடு கதையுங்கள்.

கூட்டிவந்த குடும்பம்

மகளுக்கும் வேலை இருக்கிறது. வீட்டில் தினமும் நடக்கும் வாக்குவாதத்தை நிறுத்தச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரத்தில் இந்தக் கதை எடுப்பதில்லை என்று ஒரு ஒழுங்கு வைக்கலாம். "அப்பாக்கு விசர்" என்று அவர் முன்னால் சொல்லக் கூடாது, சொன்னால் மச்சானின் குரல் இன்னும் இனிக்கும். வெளிநாட்டு மகன்களைக் கிழமைக்கு இன்னொரு தடவை கதைக்கச் சொல்லுங்கள், மருந்து போட்டீர்களா என்று விசாரிக்க அல்ல, சும்மா கதைக்க. மச்சானோடு சண்டை பிடிக்கப் போகவே வேண்டாம்.

அவசரம் என்றால்

உயிரை விடும் எண்ணம், மற்றவரைத் தாக்கும் எண்ணம், சாப்பாடு தண்ணீர் நிறுத்தியது, இன்சுலின் போன்ற உயிர்காக்கும் மருந்தை நிறுத்தியது: இவற்றில் அடுத்த அமர்வுவரை பொறுக்கக் கூடாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் 24 மணி நேரமும் இயங்குகிறது. துணைநாடிக்கும் வீட்டாருக்கும் அதை எழுதிக் கொடுங்கள்.

உங்களுக்கு

நீங்களும் இதே மண்ணில் வளர்ந்தவர். இதே இடப்பெயர்வுகள், இதே வதந்திகள், இதே குடும்ப வட்ஸ்அப் குழுக்கள். துணைநாடி சொல்லும் ஏதாவது ஒன்றை நீங்களும் பாதி நம்பிக்கொண்டிருப்பீர்கள். அப்படியான விடயம் வரும்போது நெஞ்சு சற்று வேகமாகத் துடிக்கும், அல்லது இன்னும் விவரம் கேட்க ஆசை வரும். அது உங்களுக்கான அடையாளம். மேற்பார்வைக்குப் போகும்போது துணைநாடி சொன்னதோடு, கேட்டபோது நீங்கள் என்ன உணர்ந்தீர்கள் என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். தொடர்ச்சியான மேற்பார்வை கிடைக்காத பிரதேசமென்றால், பக்கத்துப் பிரதேச செயலகத்தில் உள்ள ஒருவரோடு மாதம் ஒரு தடவை, பெயர் அடையாளம் சொல்லாமல், ஒரு துணைநாடியைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் கதைக்க நாள் குறித்துக்கொள்ளுங்கள்.